கொடைக்கானல் ஹோம்ஸ்டேயின் வரிக்கணக்கும் மதுரையில் நான் கண்ட ஆடிட்டர் அலுவலகமும்

கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் எங்களுக்கு நான்கு அறைகள் கொண்ட ஒரு வீடு இருக்கிறது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஓர் அறையை எங்கள் குடும்பத்துக்கென்று பூட்டி வைத்துக்கொண்டு, மற்ற மூன்று அறைகளையும் மலைக்கு வரும் விருந்தினர்களுக்கு ஓரிரு இரவுகளுக்கு வாடகைக்கு விட்டு வருகிறேன். இதற்கு முன்பு ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து தந்தவரை விட்டு, 2025 ஜூனில் மதுரையிலுள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாறினேன். அந்த அலுவலகத்தின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. பெயரை நான் குறிப்பிடவில்லை. என் கணக்கு இன்னும் அவர்களிடம் நடப்பில் இருக்கிறது, குறைகளையும் சேர்த்தே எழுதப் போகிறேன் என்பதால் அது முறையாகாது. ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவர் ஓர் ஆடிட்டரிடம் எதைக் கேட்க வேண்டும், என்ன பதிலை எதிர்பார்க்கலாம் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

முன்பு கணக்குப் போட்டவர் 1,500 ரூபாய் வாங்கினார். அவருடைய முறை எளிமையானது. என் வங்கிப் புத்தகத்தில் வரவாகியிருக்கும் தொகையையெல்லாம் கூட்டுவார், அதைச் சிறு தொழிலுக்கு உத்தேச லாபம் காட்ட அனுமதிக்கும் 44ஏ.டி. பிரிவின் கீழ் மொத்த விற்பனை என்று காட்டி, அதில் ஆறோ எட்டோ விழுக்காட்டை லாபமாக எழுதி, ஐ.டி.ஆர்.-4 என்னும் சுகம் படிவத்தில் முடித்துவிடுவார். மதுரையில் மாத வாடகைக்கு விட்டிருக்கும் என் அடுக்குமாடி வீட்டின் வாடகையையும் அதே கூட்டலில் சேர்த்துவிடுவார். வரி குறைவாக வந்ததால் நானும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில், நான் காட்டிய தொகை துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸில் உள்ள தொகையோடு பொருந்தவில்லை என்று மின்னஞ்சல் வந்தபோதுதான் விழித்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகள் வங்கியில் பிறர் கணக்கைச் சரிபார்த்த எனக்கு, என் கணக்கில் இந்த ஓட்டை இருந்தது மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

புதிய அலுவலகத்தில் முதல் சந்திப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடித்தது. செலவுச் சீட்டுகள் அடங்கிய பையை நான் மேசைமேல் வைத்தபோது ஆடிட்டர் அதைத் தொடவே இல்லை. "அதை அப்புறம் பார்க்கலாம் அம்மா. முதலில், உங்கள் வீட்டில் தங்குகிறவர்கள் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று சொல்லுங்கள்" என்றார். பிறகு காலை உணவு யார் தருகிறார்கள், அறையைத் தினமும் யார் பெருக்குகிறார்கள், சாவி யார் பொறுப்பில் இருக்கிறது, வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறாரா, யாருடனாவது வாடகை ஒப்பந்தம் எழுதியதுண்டா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்கு அப்போது அது சுற்றி வளைப்பதாகத் தோன்றியது. எந்தச் செலவைக் கழிக்கலாம் என்று கேட்கத்தானே போயிருந்தேன்! ஆனால் கழிவுகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்தான் அடங்கியிருக்கின்றன என்பது பிறகு விளங்கியது.

வருமான வரிச் சட்டம் வருமானத்தைத் தலைப்புகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் கழிவுகள் வேறு. 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தலைப்பில் வந்தால், கட்டிய வீட்டு வரி போக மீதியில் 30 விழுக்காடு நிலையான கழிவு, அதன்பின் வீட்டுக் கடன் வட்டி, இவ்வளவுதான் கிடைக்கும். கேர்டேக்கர் சம்பளம், சலவைக் கூலி, மின் கட்டணம், முன்பதிவுத் தளத்தின் கமிஷன் ஆகிய எதையும் தனியாகக் கழிக்க முடியாது; அவையெல்லாம் அந்த 30 விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டதாகச் சட்டம் கருதுகிறது. மாத வாடகைக்கு விடுகிறவருக்கு இது தாராளமான கழிவு. அவர் வீட்டுக்கு ஒரு பல்பு கூட வாங்க வேண்டியதில்லை. வருமானத்தில் பாதிக்கு மேல் நடைமுறைச் செலவாகவே போய்விடுகிற ஹோம்ஸ்டேக்கு இது போதவே போதாது. 'வணிக வருமானம்' என்ற தலைப்பில் வந்தால், தொழிலுக்காகச் செய்த எல்லாச் செலவுகளையும், தேய்மானத்தையும், வட்டியையும் கழிக்கலாம், அல்லது 44ஏ.டி. பிரிவின் உத்தேச முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்தத் தலைப்பு என்பதை நாமாக விரும்பித் தேர்ந்தெடுக்க முடியாது. 2024 ஜூலை 23 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையின் தொடர்ச்சியாக, வணிக வருமானத்தைப் பற்றிய 28ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. குடியிருப்பு வீட்டையோ அதன் பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விடுவதால் வரும் வருமானம் இனி வணிக வருமானம் ஆகாது, வீட்டுச் சொத்து வருமானமாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். 2025–26 மதிப்பீட்டு ஆண்டு முதல், அதாவது 2024–25 நிதியாண்டின் வருமானத்திலிருந்து, இது நடைமுறையில் இருக்கிறது. வாடகையை வணிகம் என்று காட்டி வரியைக் குறைத்தவர்களைத் தடுக்கவே இது வந்தது என்று ஆடிட்டர் சொன்னபோது, என் பழைய கணக்கில் மதுரை வீட்டு வாடகை இருந்த இடத்தை நினைத்துத் தலைகுனிந்தேன். கொடைக்கானல் வீட்டையும் இந்த விளக்கம் தொடுமா என்பதே அடுத்த கேள்வி. அதற்கு அவர் வாயால் பதில் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு பக்கக் குறிப்பாக எழுதித் தந்தார். இந்த அலுவலகத்தில் நான் பெற்றவற்றில் மிக மதிப்புள்ளது அந்தக் குறிப்புதான்.

விருந்தினருக்கு வீட்டின் உடைமை மாறுவதில்லை, அவர் தங்குவதற்கு அனுமதி மட்டுமே பெறுகிறார்; உணவு, தினசரித் துப்புரவு, படுக்கை விரிப்பு மாற்றுதல், எந்நேரமும் ஆள் இருத்தல் ஆகியவை சேர்ந்த சேவைக்கே அவர் பணம் தருகிறார்; ஆகவே இது வெறும் வாடகை அன்று, வணிகம் என்று அந்தக் குறிப்பு வாதிடுகிறது. சுல்தான் பிரதர்ஸ் வழக்கில் 1963இலும், சென்னை பிராபர்ட்டீஸ் வழக்கில் 2015இலும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளை அது மேற்கோள் காட்டுகிறது. இரண்டும் புதிய விளக்கத்துக்கு முற்பட்டவை என்பதையும், மதிப்பீட்டு அலுவலர் வேறு கருத்து கொண்டால் வழக்காட நேரலாம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். காலை உணவையும் துப்புரவையும் நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் கொடுத்தனுப்பும் முறைக்கு நான் மாறினால் இந்தக் குறிப்பு செல்லாது என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு, ஆள் பற்றாக்குறையால் காலை உணவை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

இனி எண்களுக்கு வருகிறேன். 2024–25 நிதியாண்டில் மூன்று அறைகளிலிருந்தும் வந்த மொத்த வரவு 11,40,000 ரூபாய். அந்த ஆண்டு மே 7 முதல் கொடைக்கானல் வருவோருக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சீசன் சற்று மந்தமாகவே போனது. ஆடிட்டர் அலுவலகம் மூன்று விதமாகக் கணக்கிட்டு, ஒரே தாளில் அருகருகே வைத்துக் காட்டியது.

முதலாவது, வீட்டுச் சொத்துத் தலைப்பில். வீட்டு வரியில் நான்கில் மூன்று பங்கான 13,500 ரூபாய் போக 11,26,500. அதில் 30 விழுக்காடு 3,37,950 போக 7,88,550. கடன் வட்டியில் வாடகை அறைகளுக்குரிய பங்கு 1,80,000. நிகர வருமானம் 6,08,550 ரூபாய். உண்மையான லாபம் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத ஆண்டில் இவ்வளவு வருமானம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கணக்குப் புத்தகம் எழுதி வணிகத் தலைப்பில். கேர்டேக்கர் சம்பளம் 1,80,000; துப்புரவுப் பணியாளருக்கு 72,000; சலவை 54,000; மின்சாரம், தண்ணீர், எரிவாயு 78,000; காலை உணவுக்கான மளிகை 96,000; தளங்களின் கமிஷன் 1,37,000; மழையில் ஒழுகிய கூரை உட்படப் பழுதுபார்ப்பு 1,54,000; காப்பீடு, இணையம், வீட்டு வரிப் பங்கு 31,500. மொத்தம் 8,02,500. இதன்மேல் வட்டிப் பங்கு 1,80,000. தேய்மானத்தைப் பற்றி முன்பு யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. கட்டடத்தின் மதிப்புக்கு மட்டும்தான். குடியிருப்புக் கட்டடத்துக்கு 5 விழுக்காடும், ஹோட்டல், விடுதி போன்றவற்றுக்கு 10 விழுக்காடும் விதிகளில் உள்ளன. எங்கள் வீட்டைக் கவனத்தோடு 5 விழுக்காட்டிலேயே வைத்தார்கள். கட்டில், மெத்தை, அலமாரி போன்றவற்றுக்கு 10 விழுக்காடு. எங்கள் பூட்டிய அறைக்குரிய நான்கில் ஒரு பங்கை நீக்கிவிட்டுத் தேய்மானம் 1,05,000 ரூபாய். ஆக, உண்மையான லாபம் 52,500.

பூட்டிய அறையின் பங்கை நீக்குவதில் அவர்கள் காட்டிய கறார் எனக்குப் பிடித்திருந்தது. "மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்தால் மற்ற அறைகளிலும் தங்குவார்களா அம்மா?" என்று கணக்கு எழுதும் பெண் கேட்டார். அப்படித் தங்கும் நாள்களைக் குறித்து வைக்கச் சொன்னார். வீட்டையே முழுவதும் தொழிலுக்கு என்று எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது; அது சரியன்று.

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய சிக்கல் வெளிப்பட்டது. கேர்டேக்கருக்கு மாதம் 15,000 ரூபாயை நான் ரொக்கமாக, ஒரே தவணையில் கையில் கொடுத்து வந்தேன். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை 40ஏ(3) பிரிவு ஏற்பதில்லை. சம்பளம் உண்மையானது, வாங்கியவர் கையெழுத்துப் போட்ட புத்தகம் என்னிடம் இருக்கிறது. இருந்தும் 1,80,000 ரூபாய் முழுவதும் கழிவிலிருந்து விலகிவிடும், லாபம் 2,32,500 ஆகிவிடும். ஹோம்ஸ்டே நடத்தும் பலரும் செய்கிற தவறு இதுவாகத்தான் இருக்க வேண்டும். மலையில் சம்பளம் என்றாலே ரொக்கம்தான். அந்த வாரமே கேர்டேக்கரின் வங்கிக் கணக்குக்குச் சம்பளத்தை அனுப்பத் தொடங்கிவிட்டேன்.

மூன்றாவது, 44ஏ.டி. உத்தேச முறை. வங்கி வழியாக வந்த 10,60,000 ரூபாய்க்கு 6 விழுக்காடும், ரொக்கமாக வந்த 80,000 ரூபாய்க்கு 8 விழுக்காடும் சேர்த்து 70,000 ரூபாய் லாபம். இதற்கு மேல் எந்தச் செலவையும் வட்டியையும் தேய்மானத்தையும் கழிக்க முடியாது. தேய்மானம் கழிக்கப்பட்டுவிட்டதாகவே கருதி, கட்டடத்தின் கணக்கு மதிப்பும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும்.

மூன்றையும் பார்த்துவிட்டு ஆடிட்டர் மூன்றாவதையே பரிந்துரைத்தார். கணக்குப் புத்தகம் எழுதி, தணிக்கை செய்து தரும் வழியை அவர் சொல்லியிருந்தால் அலுவலகத்துக்குக் கட்டணம் பல மடங்கு கூடியிருக்கும். வரும் ஆண்டுகளிலும் அது தொடர்ந்திருக்கும். 44ஏ.டி. முறையில் கணக்குக் காட்டியவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் அதை விட்டு வெளியேறினால், அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு அந்த முறைக்குத் திரும்ப முடியாது என்பதையும், வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் புத்தகமும் தணிக்கையும் கட்டாயமாகிவிடும் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். தன் அலுவலகத்துக்கு வருமானம் குறைகிற வழியை ஒருவர் வாடிக்கையாளருக்குக் காட்டுவது சிறிய விஷயம் அன்று. உண்மை லாபம் 70,000 ரூபாயை விட அதிகமாக வரும் ஆண்டில் அதிகத் தொகையையே காட்டுவோம், அதற்காகச் செலவுச் சீட்டுகளைத் தொடர்ந்து வைத்திருங்கள் என்றும் சொன்னார்.

பழைய கணக்கில் இருந்த மூன்று பிழைகளையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். முன்பதிவுத் தளங்கள் வழியாக வந்த 9,20,000 ரூபாய் என்பது விருந்தினர் செலுத்திய முழுத் தொகை, கமிஷனும், தளமே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டி.டி.எஸ். தொகையும் பிடித்தம் போகத்தான் என் வங்கிக்கு வரும். வங்கியில் வந்ததை மட்டும் மொத்த விற்பனை என்று காட்டியதே ஏ.ஐ.எஸ். பொருந்தாமல் போனதற்குக் காரணம். உத்தேச முறையில் கமிஷனுக்கு முந்தைய முழுத் தொகையையே எழுத வேண்டும். 194-ஓ பிரிவின் கீழ் அந்த டி.டி.எஸ். 2024 செப்டம்பர் வரை 1 விழுக்காடாக இருந்து, அக்டோபர் 1 முதல் 0.1 விழுக்காடாகக் குறைந்தது. எனக்குப் பிடிக்கப்பட்ட 5,420 ரூபாயும் திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது பிழை மதுரை வீட்டு வாடகை. ஆண்டுக்கு 2,16,000 ரூபாய் வாடகையில் வீட்டு வரி 6,000, மீதியில் 30 விழுக்காடு 63,000, மிச்சமிருக்கும் கடனுக்கு வட்டி 60,000 போக 87,000 ரூபாய் வருமானம். முன்பு கணக்குப் போட்டவரின் முறையில் இது 17,280 ரூபாய் என்று காட்டப்பட்டிருக்கும். மூன்றாவது பிழை படிவம். ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுச் சொத்து இருந்தால் அந்த ஆண்டுக்குச் சுகம் படிவம் பொருந்தவில்லை. மதுரை வீடும், கொடைக்கானலில் எங்களுக்கென்று வைத்திருக்கும் பகுதியும் சேர்ந்து இரண்டாகிவிடுவதால் ஐ.டி.ஆர்.-3 படிவத்தில் தாக்கல் செய்தார்கள். இவ்வளவையும் சரியாகக் காட்டிய பிறகும், ஓய்வூதியம் 6,00,000 ரூபாயில் நிலையான கழிவு 75,000 போக 5,25,000, ஹோம்ஸ்டே 70,000, வாடகை 87,000 என மொத்த வருமானம் 6,82,000 ரூபாய். புதிய வரி முறையில் அந்த ஆண்டு 7 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருந்ததால் வரி ஒன்றும் இல்லை. ஹோம்ஸ்டேயை வீட்டுச் சொத்தாகக் காட்டியிருந்தால் மொத்த வருமானம் 12,20,550 ஆகி, 87,470 ரூபாய் வரி வந்திருக்கும். ரொக்கச் சம்பளப் பிழையோடு புத்தகம் எழுதும் வழியில் போயிருந்தால் 35,830 ரூபாய்.

முந்தைய ஆண்டுக் கணக்கை மட்டும் அவ்வளவு எளிதாக முடிக்க இயலவில்லை. அதற்குத் திருத்திய புதுப்பிப்புக் கணக்கைத் தாக்கல் செய்தோம். வரியும் வட்டியும் அவற்றின்மேல் 25 விழுக்காடு கூடுதல் வரியும் கட்டினேன். அதற்கு முன்பே நோட்டீஸ் வந்து நிலைமை முற்றியிருந்தால் செலவு இன்னும் பெருகியிருக்கும்.

ஜி.எஸ்.டி. பற்றியும் விளக்கினார்கள். என் மொத்த வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் பதிவு தேவையில்லை; தளம் வழியாக வரும் முன்பதிவுகளுக்குத் தளமே வரியைச் செலுத்திவிடுகிறது. அந்த 20 லட்சத்தைக் கணக்கிடும்போது, வரி விலக்குள்ள மதுரை வீட்டு வாடகையையும் சேர்க்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்புரை ஆகாது. ஜூன் மாதமே எல்லாத் தாள்களையும் கொடுத்தும், கணக்கைத் தாக்கல் செய்தது செப்டம்பர் 12 அன்றுதான். கடைசி நாள் அந்த ஆண்டு முதலில் செப்டம்பர் 15க்கும் பிறகு 16க்கும் தள்ளி வைக்கப்பட்டதால் தப்பித்தோம்; ஜூலை 31 ஆகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. தொலைபேசியில் ஆடிட்டரைப் பிடிப்பது அரிது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேள்விக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பதில் வரும். கடன் வட்டிச் சான்றிதழை இரண்டு முறை கேட்டு வாங்கினார்கள். இரண்டு பக்கக் குறிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. வங்கியில் பணியாற்றிய எனக்கு அது சிரமம் இல்லை. எங்கள் தெருவில் ஹோம்ஸ்டே நடத்தும் மற்றவர்களுக்கு அது ஒன்றும் புரிந்திருக்காது. நான் கேட்ட பிறகு அதன் சுருக்கத்தைத் தமிழில் தட்டச்சு செய்து தந்தார்கள்; கேட்காமலே தந்திருக்க வேண்டும்.

கட்டணம் 6,500 ரூபாய். புதுப்பிப்புக் கணக்குக்குத் தனியாக 3,000 ரூபாய். முன்பு கொடுத்த 1,500 ரூபாயோடு ஒப்பிட்டு என் கணவர் முதலில் முகம் சுளித்தார். மூன்று கணக்குகளும் அருகருகே இருந்த தாளைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஓர் அறையை எப்போதாவது சீசனில் விடுகிறவருக்கு இவ்வளவு விரிவான சேவை தேவைப்படாது. கடன் வாங்கி வீடு கட்டி, ஆள் வைத்து, தளங்களில் பதிவு செய்து நடத்துகிறவருக்கு இது கட்டாயம் தேவை. வீட்டை மேசை நாற்காலியோடு மொத்தமாக வேறொரு நடத்துநருக்கு ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கும் பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் போனேன். அவருடைய வருமானம் வேறு தலைப்பில் வரக்கூடும் என்று சொல்லி, ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கருத்துச் சொல்ல மறுத்ததும் எனக்கு நம்பிக்கை தந்தது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. 2025–26இல் ஈட்டிய வருமானத்துக்கு மட்டும் 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். அந்த ஆண்டுக்கான தாள்களை இம்முறை மாதவாரியாக உறையிட்டுத் தயார் செய்திருக்கிறேன். கேர்டேக்கரின் சம்பளம் ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகப் போன சான்று, தளங்கள் தந்த முழுத் தொகை அறிக்கை, பேரப்பிள்ளைகள் தங்கிய பதினொரு நாள்களின் குறிப்பு ஆகியவை அதில் உள்ளன. ஜூலை 10க்குள் வரைவுக் கணக்கைத் தந்துவிட வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். அவர்களும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்கள்.